குறைப்பு முடியும்வரை எழுந்து போகாதீர்கள்

கர்நாடகக் கச்சேரியில் பாட்டு நிற்க, தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் நாற்காலிகள் காலியாவதைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. சென்ற மார்கழியில் மயிலாப்பூரில் கேட்ட கச்சேரியிலும் அப்படித்தான் நடந்தது. பாதிப் பேர் சிற்றுண்டிக் கூடத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். அவர்கள் இழந்தது கொஞ்சமல்ல.

மிருதங்கம், மண்பானையான கடம், தோல் கட்டிய சிறு வளையமான கஞ்சிரா மூன்றும் மேடையில் இருந்தன. எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளம். மிருதங்கக்காரர் இளைஞர், புதுக்கோட்டை வழியில், அதாவது அந்த வாசிப்பு மரபில், பாடம் கேட்டவர் என்பது சிறிது நேரத்திலேயே தெரிந்துவிட்டது. மிருதங்கத்தின் சுருதி கூடிய முகமான வலந்தலையில் தாளச் சொற்கள் அடுக்கடுக்காகப் பொழிந்தாலும் என் காது தாழ்ந்த ஒலி தரும் மறுமுகமான தொப்பியையே தொடர்ந்தது. அதன் கும்மென்ற நாதமான கும்காரம் நீண்டு, வளைந்து அடங்கியது. அந்த வழியில் வந்த பழனி சுப்பிரமணிய பிள்ளையின் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். அவர் இடக்கையால் வாசித்தவர். வலந்தலை சபையை நோக்கி இருக்க வேண்டும் என்பதால் மேடையில் வயலின்காரர் இடம் மாறி உட்கார வேண்டியிருந்தது. அதற்கு எல்லோரும் இணங்கவில்லை. பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் அவரை ஆதரித்தார். இன்னொரு மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரின் தஞ்சாவூர் வழியோ வேறு சுகம்: பாட்டின் வரியை மாற்றி மாற்றிப் பாடும் சங்கதியோடு கூடவே நடந்து, பாடகர் மூச்சு விடும் இடத்தில் தானும் ஒதுங்கி நிற்கும். இரண்டில் எது உயர்ந்தது என்ற சண்டையில் எனக்கு ஈடுபாடில்லை. பாட்டுக்குத் துணையாகத் தஞ்சாவூர் வழியையும் தனிக்குப் புதுக்கோட்டை வழியையும் என் காது தேடுகிறது, அவ்வளவுதான்.

கடம் மானாமதுரையில் செய்தது. கனமான மண், தட்டினால் உலோகம்போல் கணீர் ஒலி. வேகமான சொற்களில் அது மிருதங்கத்தைவிடத் தெளிவாகப் பேசியது.

அன்றைக்கு என்னைக் கட்டிப்போட்டது கஞ்சிராதான். மான்பூண்டியா பிள்ளை கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த வாத்தியம் அது. ஒரே தோல், வாசிப்பது ஒரே கை. தோலின் உட்புறம் நீர் தடவிச் சுருதியைத் தாழ்த்துகிறார்கள். குளிரூட்டிய அரங்கில் அது உலர உலர ஒலி ஏறிக்கொண்டே போகும். அந்தக் கலைஞர் நடுநடுவே நீர் தொட்டுக்கொண்டார். ஏந்திப் பிடித்த கையின் விரலால் தோலை அழுத்தி, மிருதங்கத்தின் தொப்பி சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னார். இத்தனை சின்ன வளையத்துக்குள் அவ்வளவு பெரிய குரல்!

பிறகு குறைப்பு வந்தது. ஒருவர் வாசித்ததற்கு அடுத்தவர் பதில் வாசிக்க, இரண்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று), ஒன்று, அரை, கால் என்று கேள்வியும் பதிலும் சுருங்கின. ஒரே சொற்கட்டு தோலிலும் மண்ணிலும் மாறி மாறி ஒலிக்கும்போது மூன்றின் குணமும் தனித்தனியே துலங்கியது. பின்னர் மூவரும் சேர்ந்து முடிவை நோக்கிய மோரா வாசித்து, நிறைவுக் கணக்கான கோர்வையை மூன்று முறை முழங்கிப் பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

தாளக் கணக்கு தெரியாதே என்று தயங்குகிறவர்கள் கையில் தாளம் போட்டுக்கொண்டு இந்தக் குறைப்பை மட்டுமாவது கேளுங்கள். காப்பி பிறகும் கிடைக்கும்.