அப்பாவுக்குத் தினமும் தேர்வு வைத்துக்கொண்டிருந்தேன்

தபால்காரர் மகள்:
காலையில் காபியைக் கையில் கொடுத்துவிட்டு, "நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம்?" என்று ஆரம்பிப்பேன். இன்று என்ன கிழமை, நேற்று யார் வந்தார்கள் என்று வரிசையாகக் கேள்விகள். மூளைக்குப் பயிற்சியாம்! அப்பா கொஞ்ச நேரம் விழிப்பார், பிறகு டம்ளரை நகர்த்திவிட்டு எழுந்து போய்விடுவார். அல்சைமர் என்ற மறதி நோய் என்று தெரிந்தபின் ஓராண்டு இப்படித்தான் போனது.

பிறகு மருத்துவர் சொல்லி, அறிவுத்திறன் தூண்டல் சிகிச்சைக் குழு ஒன்றில் சேர்த்தோம். மறதி நோய் உள்ளவர்களைப் பேச்சும் விளையாட்டுமாகச் சிந்திக்க வைக்கும் குழு. வாரம் இரண்டு நாள், 45 நிமிடம், 7 வாரங்களில் 14 அமர்வுகள். இங்கிலாந்தில் உருவான முறை இது. 201 பேரை வைத்து நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்களின் சிந்தனைத் திறனும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டிருந்தன. சென்னையில் ஸ்கார்ஃப் (SCARF) என்ற மனநல அமைப்பு இதைத் தமிழர்களுக்கு ஏற்றபடி மாற்றியமைத்திருக்கிறது.

உணவு பற்றிய அமர்வன்று நானும் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். குழுவை நடத்திய பெண் ஒரு பெருங்காய டப்பாவைத் திறந்து எல்லோரிடமும் சுற்றுக்கு விட்டார். "இது என்ன?" என்று அவர் கேட்கவே இல்லை. "ரசத்துக்கு நல்லதா, சாம்பாருக்கா?" என்றார். அவ்வளவுதான், ஆறு பேருக்கும் சண்டை! அப்பா மோந்து பார்த்துவிட்டு, "இரண்டுக்கும் இல்லை, மோருக்குத்தான்" என்று அடித்துச் சொன்னார். அவர் வாதாடிப் பார்த்தே பல மாதங்கள் ஆகியிருந்தன.

பின்னர் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "அபிப்பிராயத்தில் தப்பு, சரி இல்லையே அம்மா. தேதியைக் கேட்டால்தான் தோற்றுப்போவார்கள்" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

கிழமை இன்னும் அவருக்குத் தெரியாது. அதை மறைக்க விரும்பவில்லை.

இரண்டாவது மருமகள்:
எங்கள் அனுபவம் வேறு. ஒரு மையத்தில் மாமியாருக்கு முன்னால் மழலையர் பள்ளிப் படப் புத்தகத்தையும் வண்ணப் பென்சிலையும் வைத்தார்கள். நாற்பது பேருக்குச் சமைத்துப் போட்டவர். "நான் என்ன பாப்பாவா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். மறுபடி போக மறுத்துவிட்டார். பெயர்ப் பலகையில் சிகிச்சை என்று எழுதினால் போதுமா? போதாக்குறைக்கு அவருக்குக் காதும் சரியாகக் கேட்காது. முதலில் அதைக் கவனித்திருக்க வேண்டும், எங்கள் தவறுதான்.

மதுரைக்காரன்:
நோய் முற்றிய நிலையில் இந்தத் தூண்டல் சிகிச்சை அவ்வளவாக உதவாது என்று எங்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். ஆரம்ப, நடுத்தர நிலையில் இருப்பவர்களுக்கானது. 14 அமர்வுகள் முடிந்தபின் வாரம் ஒன்றாக 24 அமர்வுகள் தொடரும் முறையும் உண்டு. சித்திக்குப் பிடித்தது பழமொழி விளையாட்டு. "ஆழம் தெரியாமல்" என்று தொடங்கினால் போதும், "காலை விடாதே" என்று முடித்துவிட்டு, எங்கள் சித்தப்பாவைத் திரும்பிப் பார்ப்பார்.

தபால்காரர் மகள்:
பொருள்களை வகை பிரிக்கும் அமர்வைப் பார்த்துவிட்டு, வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகைகளையும் மின்கட்டண ரசீதுகளையும் ஒரு குவியலாக அப்பாவிடம் கொடுத்தேன். ஊர் ஊராகப் பிரித்து அடுக்கினார். நடுவில் ஒரு புடவைக் கடை விளம்பரத்தாள். இதை என்ன செய்யலாம் என்று நினைக்கிறீர்கள் என்றேன். முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்.

"முகவரியே எழுதவில்லை. அனுப்பியவனுக்கே திருப்பிவிடு."