புதுப்பிப்பு: முன்தோள் சீக்கிரம் திறக்கும் பையன்

என் லிட்டில் லீக் (சிறுவர் பேஸ்பால்) அணியின் 12 வயது வலக்கைப் பையன், பந்து வீசுபவர் பக்கம் இருக்கும் முன்தோளைச் சீக்கிரம் திறந்து (வெளியே திருப்பி), வெளிப்பக்கப் பந்துகளைத் தவறவிடுகிறான் என்று எழுதியிருந்தேன். டீயை (பந்தை மேலே வைத்து அடித்துப் பழகும் தண்டு) வெளி மூலையில், கொஞ்சம் பின்னால் தள்ளி வைக்கச் சொன்னவருக்கு நன்றி. "வலது ஃபீல்டுப் பக்கம் அடி" என்று மட்டும் சொன்னேன். தோள் தானாக மூடியே நின்றது.

மனசுதான் இன்னும் இழுக்கிறது. ஒரு ஸ்ட்ரைக் (மூன்று ஆனால் அவுட்) விழுந்தால் போதும், கண்டதற்கெல்லாம் மட்டையை வீசுகிறான். பேஸ்பால் ஜாம்பவான் டெட் வில்லியம்ஸ் ஸ்ட்ரைக் பகுதியை (அடிக்காமல் விட்டாலும் ஸ்ட்ரைக் ஆகிற இடத்தை) 77 கட்டங்களாகப் பிரித்துப் பார்த்தவர். சின்னப் பையனுக்கு அதெல்லாம் ஜாஸ்தி. தொப்புள் உயரத்தில், நடுவில் ஒரே கட்டம். இரண்டு ஸ்ட்ரைக் ஆகும்வரை அது மட்டும் உன்னுடையது என்றேன். சனிக்கிழமை தரையோடு வந்த பந்தை விட்டுவிட்டு, "அது என்னோடது இல்லை, கோச்!" என்று கத்தினான். அம்பயரே சிரித்துவிட்டார்.

சரி, சேஞ்சப் (வேகப்பந்து போலக் காட்டி மெதுவாக வரும் பந்து) வந்தால் முன்னங்காலில் சாய்கிறானே, அதற்கு என்ன வழி?