எழுவாயைத் தேடிப் பிடிக்கும் பயிற்சி

வினோதினி: பெரியப்பா, ஆங்கில வாக்கியத்தில் பிழை கண்டுபிடிக்கும் கேள்வி ஒன்றில் எனக்கும் பிரபுவுக்கும் ஒத்துவரவில்லை. ‘தி குவாலிட்டி ஆஃப் தி மேங்கோஸ் சென்ட் ஃப்ரம் சேலம் வேர் நாட் குட்’ என்பது வாக்கியம். இதில் பிழையே இல்லை என்கிறேன் நான். ‘சென்ட்’ என்பதற்கு முன்னால் ‘விச் வேர்’ வந்திருக்க வேண்டும் என்கிறான் அவன்.

பிரபு: மேங்கோஸ் பன்மை, ‘வேர்’ என்பதும் பன்மை. ஆகவே கடைசிப் பகுதியில் குறை இருக்க முடியாது என்று விட்டுவிட்டேன்.

பெரியப்பா: இரண்டு பேரும் மாம்பழத்தில் ஏமாந்துவிட்டீர்கள். நன்றாக இல்லாதது மாம்பழம் அன்று, அதன் தரம். ‘குவாலிட்டி’ ஒருமை என்பதால் ‘வாஸ்’ என்றுதான் வர வேண்டும். இதையே தமிழில் எழுதிப் பாருங்கள்: ‘சேலத்திலிருந்து அனுப்பப்பட்ட மாம்பழங்களின் தரம் நன்றாக இல்லை.’ அடைகளெல்லாம் முன்னால் போய்விட, எழுவாயான ‘தரம்’ பயனிலையை ஒட்டி நிற்கிறது. ஆங்கிலத்திலோ எழுவாய் முதலிலேயே வந்துவிடுகிறது. அதை விவரிக்கும் சொற்கள் அதன் பின்னால் நீண்டு, எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில் வேறொரு பெயர்ச்சொல்லைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகின்றன. வினைக்குப் பக்கத்தில் இருப்பதையே எழுவாயாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு இருக்கிறது. வினாத்தாள் தயாரிப்பவர் அங்கேதான் கண்ணி வைக்கிறார். அவசரத்தில் ஆங்கிலேயரே இந்த இடத்தில் வழுக்குவது உண்டு.

செல்வி அக்கா: நான் எஸ்எஸ்சி எனப்படும் மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுக்குப் படித்தபோது, ‘ஆஃப்’ என்ற சொல்லில் தொடங்கி வினைக்கு முந்தைய சொல் வரை பென்சிலால் அடித்துவிட்டு, எஞ்சியதை மட்டும் வாசிப்பேன். ‘தி குவாலிட்டி வேர் நாட் குட்’ என்று வாசித்தால், விதி எதுவும் தெரியாதவருக்குக்கூடக் குறை தெரிந்துவிடும். ‘அலாங் வித்’, ‘ஆஸ் வெல் ஆஸ்’, ‘டுகெதர் வித்’ ஆகியவற்றால் சேர்க்கப்படும் பெயர்களையும் இப்படியே நீக்கிவிட வேண்டும். ‘தி மினிஸ்டர், அலாங் வித் ஹிஸ் செகரட்டரீஸ், ஹேஸ் அரைவ்ட்’ என்பதில் செயலாளர்கள் எத்தனை பேர் வந்தாலும் வினை அமைச்சர் ஒருவருக்கே கட்டுப்பட்டது.

வினோதினி: ‘நெய்தர், நார்’ வரும்போதும் முதல் பெயரைத்தான் பார்க்க வேண்டுமா, அக்கா?

செல்வி அக்கா: அங்கே வினைக்கு அருகில் இருக்கும் பெயரைப் பார்க்க வேண்டும். ‘நெய்தர் தி டீச்சர் நார் தி ஸ்டூடன்ட்ஸ் வேர் பிரசென்ட்’ என்பது சரி. ‘ஏ நம்பர் ஆஃப்’ வந்தால் வினை பன்மை என்பதையும், ‘தி நம்பர் ஆஃப்’ வந்தால் ஒருமை என்பதையும் அதனுடன் சேர்த்துக் குறித்துக்கொள்.

சேலம் அத்தை: மத்திய அரசுத் தேர்வுகளைத் தமிழிலேயே எழுதலாம் என்று செய்தியில் சொன்னார்களே, பிறகு எதற்கு இந்தப் பிள்ளைகளுக்கு இவ்வளவு இலக்கணம்?

செல்வி அக்கா: எஸ்எஸ்சி நடத்தும் பத்தாம் வகுப்புத் தகுதிக்கான எம்டிஎஸ், பன்னிரண்டாம் வகுப்புத் தகுதிக்கான சிஹெச்எஸ்எல் தேர்வுகளைத் தமிழ் உள்ளிட்ட 13 மாநில மொழிகளில் எழுதும் வசதி 2023இல் வந்தது உண்மைதான், அத்தை. ஆனால் அவற்றிலும் ஆங்கிலப் பகுதி ஆங்கிலத்தில்தான் இருக்கும். வினோதினி எழுதவிருக்கும், பட்டதாரிகளுக்கான சிஜிஎல் தேர்வின் முதல் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு 25 கேள்விகள், 50 மதிப்பெண்கள். இரண்டாம் கட்டத்தின் முதல் தாளிலோ, தரவரிசைக்குக் கணக்கில் எடுக்கப்படும் 390 மதிப்பெண்களில் 135 ஆங்கிலத்துக்கு உரியவை, கணிதத்துக்கே 90தான். நம் பிள்ளைகள் இரவெல்லாம் கணக்குப் போட்டுவிட்டு ஆங்கிலத்தைப் பேருந்தில் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்குவது எனக்குப் புரிவதே இல்லை.

பிரபு: எனக்கு வங்கித் தேர்வின் முதல்நிலையில் 30 கேள்விகளுக்கு 20 நிமிடங்கள்தான், அக்கா. ஒரு கேள்விக்கு 40 விநாடிகள். அதிலும் பத்தியை வாசித்து விடையளிக்கும் கேள்விகள் பெரும்பகுதியைத் தின்றுவிடுகின்றன. ஒவ்வொரு வாக்கியத்திலும் அடித்துத் திருத்திக்கொண்டிருக்க நேரம் எங்கே இருக்கிறது?

பெரியப்பா: பென்சில் வீட்டுக்கு மட்டும்தான், பிரபு, தேர்வறையில் அதைக் கண்ணே செய்ய வேண்டும். கடிகாரத்தை எடுத்து வைத்துவிட்டு, நாளுக்குப் பத்து வாக்கியங்களைக் கையால் எழுதி, முதலில் வினையைக் கோடிட்டு, அதற்கு உரிய எழுவாயை வட்டமிடு. தேடாமலே எழுவாய் கண்ணில் படத் தொடங்கிய பிறகு நேரம் வைத்துப் பழகினால் போதும். தொடக்கத்திலேயே விரட்டிக்கொண்டு பழகுகிறவர்கள் காதுக்கு எது இனிமையாகப் படுகிறதோ அதைக் குறித்துவிட்டு வருகிறார்கள். நாம் அன்றாடம் கேட்கும் ஆங்கிலத்திலேயே ‘டிஸ்கஸ் அபௌட்’, ‘ரிட்டர்ன் பேக்’, ‘ஃபர்னிச்சர்ஸ்’ போன்ற பிழைகளெல்லாம் தாராளமாகப் புழங்குவதால், அந்தக் காதை நம்பிப் பயனில்லை.

செல்வி அக்கா: இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆயிரம் விதிகள் அடங்கிய பிடிஎஃப் என்று யாராவது அனுப்பினால், அதைத் திறக்காமலே நீக்கிவிடுங்கள். தேர்வாணையம் விடைக்குறிப்புடன் வெளியிடும் பழைய வினாக்களே போதும். தவறிய கேள்விக்குச் சரியான விடையை மட்டும் நோட்டில் எழுதாமல், எதைப் பார்த்து ஏமாந்தோம் என்ற காரணத்தையும் எழுதுங்கள். ‘பக்கத்துப் பெயர்ச்சொல்’ என்ற காரணம் ஒரே பக்கத்தில் பல முறை வந்தால், எதைப் படிக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘நோ எரர்’ (பிழை இல்லை) என்ற விடையைக் குறிக்கவும் பயப்படாதீர்கள். கேள்வி கேட்டுவிட்டார்கள் என்பதற்காக இல்லாத பிழையை நாமே உண்டாக்கிவிடக் கூடாது.

பெரியப்பா: சரி, இதற்கு விடை சொல்லுங்கள். ‘தி லிஸ்ட் ஆஃப் கேண்டிடேட்ஸ் ஹூ ஹேவ் குவாலிஃபைட் ஃபார் தி இன்டர்வியூ ஹேவ் பீன் பப்ளிஷ்ட்.’

பிரபு: இரண்டு ‘ஹேவ்’ இருக்கின்றன. பட்டியல் ஒருமை என்பதால் இரண்டும் தவறு.

வினோதினி: முதல் ‘ஹேவ்’ சரி, பிரபு. தகுதி பெற்றவர்கள் தேர்வர்கள். ‘ஹூ’ அவர்களைக் குறிப்பதால் அங்கே பன்மை வர வேண்டும். வெளியிடப்பட்டது பட்டியல் என்பதால் இரண்டாவது மட்டும் ‘ஹேஸ்’ ஆக வேண்டும்.

பெரியப்பா: சரியாகச் சொன்னாய். அதே காரணத்தால்தான் ‘ஒன் ஆஃப் தி கேர்ள்ஸ் ஹேஸ் கம்’ என்கிறோம். ‘ஷீ இஸ் ஒன் ஆஃப் தி கேர்ள்ஸ் ஹூ ஹேவ் கம்’ என்று எழுதுகிறோம். பிரபு, இந்த இரண்டையும் நோட்டில் எழுதி, எழுவாயை வட்டமிட்டு, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து இரவுக்குள் குழுவில் போடு.

பிரபு: போடுகிறேன், பெரியப்பா. இரண்டாவது வாக்கியத்தில் ‘இஸ்’, ‘ஹேவ்’ என்று இரண்டு வினைகள் இருப்பதால் வட்டமும் இரண்டு போடுகிறேன்.