சென்சிட்டிவா, சென்சிபிளா? ஆங்கிலச் சொல்லை மாற்றிச் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் சொல்லுங்கள்

மார்த்தாண்டம் நர்ஸ்:
ஒரு வருடம் ஆகப்போகிறது, இன்னும் மனசு ஆறவில்லை. கல்ஃப் வேலைக்குத் திருவனந்தபுரத்தில் இன்டர்வியூ. உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார் அந்த மேடம். நிதானமாக யோசித்து நடப்பவள் என்று சொல்ல நினைத்து, 'ஐ ஆம் வெரி சென்சிட்டிவ்' என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனா அப்படியே நின்றது. கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்து, "நோயாளி சத்தம் போட்டால் அழுதுவிடுவீர்களா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. திரும்பி வரும்போது, பஸ் களியக்காவிளை தாண்டிய பிறகுதான் உறைத்தது, சென்சிபிள் என்று சொல்லியிருக்க வேண்டும். இத்தனைக்கும் ஊசி போட்டால் தடிக்கிற நோயாளிகளுக்கு 'பெனிசிலின் சென்சிட்டிவ்' என்று கேஸ் ஷீட்டில் எழுதுகிறவளே நான்தான்.

குளச்சல் அப்பா:
என் மகள் நவம்பர் 1 பற்றிப் பள்ளியில் கட்டுரை எழுதினாள். 1956-இல் நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள், தெரியுமே. 'ஹிஸ்டாரிக்கல் டே' என்று எழுதியிருந்தாள். அந்தச் சொல்லைச் சுற்றி சிவப்பு மையில் வட்டம். "அப்பா, அது வரலாறுதானே, அப்புறம் எப்படித் தப்பு?" என்று நோட்டை நீட்டினாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த முகம்தான் கண்ணிலேயே நிற்கிறது. பிறகு தேடிப் படித்தேன். வரலாற்றில் நிலைத்து நிற்கிற முக்கியமான நாள், ஹிஸ்டாரிக். 1741-இல் எங்கள் ஊரில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது ஹிஸ்டாரிக் வெற்றி. அந்தப் போரைப் பற்றிய பழைய ஆவணங்கள் ஹிஸ்டாரிக்கல்.

தக்கலை ரிட்டயர்டு வாத்தியார்:
மார்த்தாண்டம் மகளே, நீ சொன்ன சொல் தப்பில்லை. நோயாளியின் தேவையைச் சட்டென்று உணர்பவர் என்பதற்கும் சென்சிட்டிவ்தான். எதற்கு சென்சிட்டிவ் என்று சேர்த்துச் சொல்லாமல் மொட்டையாக விட்டதுதான் பிழை. நானும் ஒருமுறை வகுப்பில் 'ஐ ஆம் போரிங்' என்றிருக்கிறேன். எனக்குச் சலிப்பாக இருக்கிறது என்று சொல்ல வந்து, நானே சலிப்பூட்டுகிறவன் என்று சொல்லிவிட்டேன். 'போர்ட்' என்றிருக்க வேண்டும். அதை விடுங்கள். எல்லாரும் செய்கிற தவறு, தமிழ் அர்த்தத்தை மட்டும் மனப்பாடம் பண்ணுவது. உரிச்சொல்லை அது ஒட்டுகிற பெயர்ச்சொல்லோடு சேர்த்துப் படியுங்கள். ரப்பர் விலை இறங்கினால் குலசேகரம் பக்கம் வருகிற நெருக்கடி எகனாமிக். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கூடுதலாக ஓடுகிற ஸ்கூட்டர் எகனாமிக்கல். ஒன்று பொருளாதாரம், மற்றது சிக்கனம். இப்படி ஜோடி ஜோடியாக ஒரு நோட்டில் எழுதி, தினமும் இரண்டு வாக்கியம் சொந்தமாக அமையுங்கள். அகராதியில் அர்த்தத்தோடு நிறுத்தாமல் எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் வாசியுங்கள். வாய்விட்டு வாசிப்பது இன்னும் நல்லது.

நாகர்கோவில் அண்ணன்:
தங்கச்சிக்கு வரன் தேடும்போது விளம்பரத்தில் 'ஹோம்லி' என்று போட்டோம், எல்லாரும் போடுவதுதானே. அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த ஒரு பையன் வீட்டார் ஃபோன் செய்தார்கள். பையன் தயங்கித் தயங்கி, "உங்கள் தங்கையைப் பற்றி ஏன் அப்படி எழுதினீர்கள்?" என்று கேட்டான். அங்கே அந்தச் சொல்லுக்கு, பார்க்க லட்சணமில்லாதவள் என்று அர்த்தமாம்! குடும்பப் பாங்கு என்றுதான் நாங்கள் நினைத்தோம். பக்கத்து அறையில் தங்கச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மார்த்தாண்டம் நர்ஸ்:
வாத்தியார் சார், நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் எதிரே ஆள் உட்கார்ந்திருக்கும்போது பின்னால் என்ன சேர்க்க வேண்டும் என்றெல்லாம் ஓடாது சார். வருகிற மாதம் இன்னொரு இன்டர்வியூ இருக்கிறது. சென்சிபிள் என்றே சொல்லிவிட்டு, ராத்திரி ட்யூட்டியில் மூன்று எமர்ஜென்சி ஒன்றாக வந்தபோது யாரை முதலில் பார்த்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்லப்போகிறேன்.