பாஞ்சோவின் ஐந்தாவது கம்பி ஏன் பாதியில் நிற்கிறது?

மெட்டுப்பித்தன்:
கிட்டார் வாசிப்பவன் நான். தோல் போர்த்த வட்ட உடம்பும் நீளக் கழுத்துமாகப் பழைய பாஞ்சோ ஒன்று கைக்கு வந்திருக்கிறது. நாலு கம்பி தலைவரைக்கும் போகிறது. ஐந்தாவது மட்டும் ஐந்தாம் ஃப்ரெட் (மெட்டு) பக்கத்து முறுக்காணியோடு நின்றுவிடுகிறது. மேலே இருக்கிறதே, தடித்த கம்பி என்று பார்த்தால் அதுதான் கீச்சென்கிறது! ஸ்வீனி என்ற அமெரிக்கர் சேர்த்ததாமே, உண்மையா? அப்படியே, பெயர் எங்கிருந்து வந்தது?

சுரைக்குடம்:
ஸ்வீனி கதையை விடுங்கள். வர்ஜீனியாவின் ஜோயல் ஸ்வீனி பிறந்ததே 1810-இல். 'பழைய தோட்டம்' என்ற ஓவியம் 1785-90 வாக்கில் தென் கரோலினாவில் வரைந்தது. அதில் அடிமை ஒருவர் வாசிக்கும் சுரைக்காய் பாஞ்சோவில் அந்தக் குட்டைக் கம்பி இருக்கிறது. ஸ்வீனி ஏதாவது சேர்த்திருந்தால் அது தாழ்ந்த சுரம் தரும் கம்பியாக இருக்கலாம். கறுப்பர்களிடம் கற்றதை, முகத்தில் கரி பூசிக்கொண்டு மேடையேற்றினார். புகழ் மட்டும் அவருக்கு!

செனகல், காம்பியா பக்கம் ஜோலா மக்களின் அகோன்டிங்கைப் பாருங்கள். சுரைக்குடுவை, தோல், மூன்று கம்பி. நகத்தால் கீழ்நோக்கித் தட்டி, குட்டைக் கம்பியைக் கட்டைவிரலால் இழுக்கிறார்கள். அமெரிக்காவின் 'க்ளாஹாமர்' வாசிப்பும் இதேதான். நம் வீணையின் தாளத்தந்தி மாதிரி, பெரும்பாலும் அழுத்தாமல் திறந்தே ஒலிக்கும்.

பெயரில் சண்டை ஓயவில்லை. அங்கோலாவின் கிம்புந்து மொழி 'ம்பான்சா' என்பார்கள் சிலர். ஸ்பானிய 'பந்துர்ரியா' வழி என்பார்கள் சிலர். ஹைட்டியில் 'பான்சா', சுரினாமில் 'பானியா' என்று வழங்கியதால் நான் முதல் கட்சி. பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜெஃபர்சனும் 1780களில் 'பான்ஜார்' என்று எழுதி, ஆப்பிரிக்காவிலிருந்து கறுப்பர்கள் கொண்டுவந்தது என்றே சொல்கிறார்.

ஆனந்தபைரவி:
எங்கள் வீட்டில் பாஞ்சோ என்றால் கட்டைகளை அமுக்கி வாசிக்கும் நீளப்பெட்டி! அது வேறா?

சுரைக்குடம்:
வேறேதான் அம்மா. அது புல்புல் தரங். ஜப்பானின் தைஷோகோத்தோவிலிருந்து வந்தது. இந்தியாவில் பலர் அதையும் பாஞ்சோ என்பார்கள். ஆன்லைனில் வாங்கும்போது படத்தைப் பார்த்துவிடுங்கள்.

மெட்டுப்பித்தன்:
நன்றி ஐயா. சுருதி ஏற்றக் கழுத்தில் மாட்டும் கவ்வியான கேப்போ போட்டால் அந்தக் குட்டைக் கம்பி மட்டும் ஏறவில்லையே?

சுரைக்குடம்:
ஏறாது. அதைத் தனியாக ஏற்ற வேண்டும். பொம்மை ரயில் தண்டவாளத்துக்கு அடிக்கிற குட்டி ஆணியை ஏழாம், ஒன்பதாம் ஃப்ரெட் பக்கம் அடித்து, கம்பியை அதன் கீழே மாட்டிக்கொள்வார்கள். நீங்களே அடிக்காதீர்கள், மரம் பிளந்துவிடும். பழுது பார்க்கிறவரிடம் கொடுங்கள். புதுக்கம்பி போடுவதானால் முதல் கம்பியின் கனமே போதும். மூன்றாம் கம்பிக்கு ஒரு ஸ்தாயி மேலே, ஜி (G) சுரத்தில் நிறுத்துங்கள்.