ஐரோப்பா வரைபடம்: அச்சான வருஷம் கண்டுபிடிக்க உதவி தேவை

பழைய புத்தகக் கடையில் துணி ஒட்டிய ஐரோப்பா சுவர் வரைபடம் ஒன்று கிடைத்தது. ஆங்கில அச்சு. வருஷம் போட்டிருக்கும் அடிப்பகுதியைக் கரையான் அரித்துவிட்டது.

ஜெர்மனி கிழக்கு, மேற்கு என இரண்டு நிறம். கிழக்கு ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரம் இருக்கவேண்டிய இடத்தில் கார்ல் மார்க்ஸ் ஸ்டாட், அந்தப் பெயர் மாற்றம் நடந்தது 1953 மே மாதம், ஆக வரைபடம் அதற்குப் பிந்தையது. ட்ரியெஸ்ட் நகரம் இத்தாலி நிறத்தில். அது இத்தாலி கைக்கு வந்தது 1954 அக்டோபரில். பிரான்ஸ் எல்லையோரமுள்ள சார் (Saar) பகுதி மட்டும் இன்னும் தனியாக நிற்கிறது, மேற்கு ஜெர்மனியோடு சேர்ந்தது 1957 ஜனவரி 1 அன்றுதான். ஸ்டாலின்கிராட் உதவவில்லை, 1961 வரை அதே பெயர். 1956 ஜனவரியில் சோவியத் பின்லாந்துக்குத் திருப்பிக் கொடுத்த பொர்க்கலா பகுதியைப் பார்க்கலாம் என்றால், பாழாய்ப்போன மடிப்பு சரியாக அங்கேதான் கிழிந்திருக்கிறது.

1955, 1956 இரண்டையும் பிரித்துக் காட்டும் வேறு எல்லை மாற்றமோ ஊர்ப் பெயர் மாற்றமோ ஐரோப்பாவில் உண்டா?