துவரைக்குச் செம்மண், குழந்தைக்கு உரை மருந்து, அவசரத்துக்குச் சீட்டு: பழைய குடும்ப யோசனைகளில் எது நிற்கும்?

கொங்குமண்

"அந்தக் காலத்து வீட்டுக் குறிப்பெல்லாம் வேறு வழி இல்லாமல் செய்தது, இன்று ஒன்றுக்கும் ஆகாது" என்று போன இழையில் ஒரு தம்பி எழுதிவிட்டுப் போனார். பதில் சொல்லாமல் விட மனம் வரவில்லை. என் கட்சி இதுதான்: ஃபிரிட்ஜும் வங்கிக் கணக்கும் வீட்டுக்குள் வராத 1950, 60களில் சொன்ன யோசனைகளுக்கு அளவும் பக்குவமும் இருந்தன. அளவை மறந்துவிட்டு யோசனையைக் குறை சொல்கிறோம்.

துவரையைப் பருப்பாக உடைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். புடைத்துக் கல் பொறுக்கிய துவரையை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் தண்ணீரை வடிக்க வேண்டும். சலித்த செம்மண்ணைக் குழம்பாகக் கரைத்து, நூறு கிலோவுக்கு ஐந்து கிலோ மண் என்ற கணக்கில் பிசறி, குவித்துச் சாக்கு மூடி ஒரு ராத்திரி வைத்தால் ஈரம் ஒரே சீராகப் பரவும். அப்புறம் மூன்று, நான்கு நாள் நல்ல வெயில். தோலும் உள்பருப்பும் ஒரே அளவில் சுருங்காது என்பதால் காயக் காயத் தோல் விலகிக்கொடுக்கும். மண்ணைச் சலித்து எடுத்துவிட்டுத் திருகையில் போட்டால் பருப்பு நொறுங்காமல் இரண்டாக உடையும். ஊறல் கூடினால் முளை விட்டுவிடும். காய்ச்சல் குறைந்தால் தோல் பிடித்த பிடியை விடாது, குறுணைதான் மிஞ்சும். உடைத்த பருப்புக்குக் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் தடவி, இன்னொரு நாள் வெயில் காட்டிப் பானையில் கட்டினால் அடுத்த வெள்ளாமை வரை கவலை இல்லை. இதில் எது மூடத்தனம்? காட்டுங்கள்.

விதைநெல்

அண்ணே, துவரைக்குச் சொன்னதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் "குதிரில் வேப்பிலை போட்டால் போதும், பூச்சி வராது" என்பதையும் அதே மூச்சில் சேர்த்துச் சொல்கிறார்களே, அங்கேதான் பிசகு.

பயறு வண்டு வீட்டில் வந்து தொற்றுவது பிற்பாடு. முதல் முட்டை காட்டிலேயே, செடியில் நிற்கும் காய்மீதே விழுந்துவிடும். புழு பயறுக்குள் துளைத்துப் போன பிறகு மேலே எத்தனை இலை போட்டாலும் உள்ளே எட்டாது. வெயில் காலத்தில் ஏறக்குறைய ஒரே மாதத்தில் அடுத்த தலைமுறை வெளியே வந்து, பக்கத்துப் பயறில் முட்டை வைக்கும். பழைய முறையில் உண்மையில் வேலை செய்தவை மூன்று. வெயில், விளக்கெண்ணெய், ஏனென்றால் அந்தப் பூச்சில் முட்டை மூச்சடைத்துச் சாகும், மூன்றாவது, பருப்பாக உடைத்தது. அந்த வண்டுக்கு வழவழப்பான முழுப் பயறு வேண்டும், உடைத்த பருப்பில் அது சரியாகப் பெருகாது. இதை யாரும் பெருமையாகப் பேசுவதில்லை.

சாம்பலும் அப்படித்தான். விதைப் பயறுக்கு நடுவே இருக்கும் இடைவெளி முழுக்கச் சாம்பல் நிரம்பினால் வண்டு நகர முடியாது, இணை தேட முடியாது. பேருக்கு இரண்டு கைப்பிடி தூவினால் ஒரு பலனும் இல்லை. வேப்பிலையை நிழலில் சருகாகக் காய வைக்காமல் பச்சையாகப் போட்டால் அதன் ஈரமே பூஞ்சணத்தைக் கொண்டுவரும். நெல்லின் ஈரம் 14 விழுக்காட்டுக்குக் கீழே இறங்க வேண்டும், பல மாதம் வைப்பதென்றால் 12. அந்தக் காலத்தில் ஒரு நெல்லைக் கடித்துப் பார்ப்பார்கள். நசுங்கினால் இன்னும் வெயில் வேண்டும், 'டக்'கென்று முறிந்தால் குதிருக்குப் போகலாம். நல்ல சோதனை. ஆனால் மழைக்குப் பயந்து அவசரமாகக் கட்டிய வருசத்தில் குதிரின் அடிநெல் சூடேறிக் கட்டி தட்டிப்போகும்.

கடலை விஷயத்தில் பழைய யோசனை கெடுதலே செய்தது. பூஞ்சணம் பிடித்த கடலையை வீணாக்காமல் செக்குக்கு அனுப்பு என்பார்கள். பச்சை, மஞ்சள் பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்ஸின் கல்லீரலுக்கு விஷம். வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுசாகப் போகாது. ஆட்டும்போது பெரும்பங்கு பிண்ணாக்கில் தங்கும், கொஞ்சம் எண்ணெயிலும் இறங்கும். பிண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலில் அது திரும்பக் குழந்தைக்கே வரும். சுருங்கிய, நிறம் மாறிய, கசக்கிற பருப்பைத் தனியே பொறுக்கி எறிவதைத் தவிர வழியில்லை.

செவிலி_நாகை

தானியத்தோடு நின்றால் நான் பேசவே வந்திருக்க மாட்டேன். தலைப்பில் உரை மருந்தும் இருக்கிறதே.

தெரியாதவர்களுக்கு: சுக்கு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய் ஆகியவற்றை நெல் அவிக்கும்போது அதோடு வேகவைத்துக் காயவைப்பார்கள். வசம்பை விளக்குச் சுடரில் கரிய வாட்டுவார்கள். குழந்தையைக் குளிப்பாட்டியதும் ஒவ்வொன்றையும் கல்லில் இரண்டு சுற்று, மூன்று சுற்று உரைத்து, தாய்ப்பாலில் குழைத்து நாக்கில் தடவுவார்கள். 'அளவு இருந்தது' என்கிறார் அண்ணன். கல் புதிதா தேய்ந்ததா, கை அழுத்துவது எவ்வளவு, காய் எவ்வளவு கெட்டி, இதையெல்லாம் பொறுத்து அதே இரண்டு சுற்றில் இறங்கும் மருந்து பல மடங்கு மாறும். மூன்று கிலோ எடையுள்ள உடம்புக்கு இதை அளவு என்று சொல்ல மாட்டேன்.

ஜாதிக்காய் கூடினால் மயக்கம், வாந்தி. "மருந்து கொடுத்ததும் பிள்ளை நன்றாகத் தூங்குகிறது" என்றால் அது கவலைப்பட வேண்டிய விஷயம். வசம்பில் பீட்டா அசரோன் என்ற பொருள் இருக்கிறது, நம் நாட்டில் வளரும் வகைகளில் அது கூடுதல். எலிகளில் கட்டி உண்டாக்கியதால் அமெரிக்காவில் 1968இலேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டார்கள். கல்லைச் சும்மா கழுவிக் கவிழ்த்து வைத்தால் ஈரத்தில் கிருமி வளரும், அதுவே பேதிக்கு வாசல். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். மருத்துவர் எழுதிய சொட்டு மருந்து தவிர வேறு எதுவும் வேண்டாம், தண்ணீர் உட்பட.

இதோடு சேர்த்து விட வேண்டியவை: சீம்பாலைப் பீய்ச்சி ஊற்றிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் வைப்பது, ஒரு வயதுக்குள் தேன் தொடுவது, குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவது. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் வரும் நிமோனியா சாதாரண நிமோனியா போல மருந்துக்கு மடங்காது. பிள்ளை பெற்றவளுக்கு 'பச்சை உடம்பு' என்று தண்ணீரைக் குறைப்பதையும் விட வேண்டும். பால் கொடுக்கிறவளுக்குத் தாகத்துக்குத் தண்ணீர் வேண்டும்.

கொங்குமண்

அக்கா சொன்ன சீம்பாலும் மூக்கெண்ணெயும் சரி, அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரி இருபது மைல் தள்ளி இருந்த ஊரில், வயிற்றுப்போக்குக்கு உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி கொடுத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றினார்களே, அதையும் இந்தக் கணக்கில் தள்ளுவீர்களா? பின்னாளில் அரிசி மாவிலேயே உப்புக் கரைசல் செய்து ஆராய்ந்து ஒத்துக்கொண்டார்களே.

செவிலி_நாகை

கஞ்சியை ஏன் தள்ளப் போகிறேன்? இந்த இழையில் இதுவரை வந்த யோசனைகளில் உயிர் காத்தது அதுதான். ஆனால் அதே வீட்டில் அதே பாட்டி இன்னொன்றும் சொன்னார்: "வயிற்றைக் காயப் போடு, பாலை நிறுத்து." உச்சிக்குழி உள்ளே விழுந்தால் அங்கே விளக்கெண்ணெய் வைத்தார்கள், வயிற்றில் சிக்கியதை எடுப்பதாகச் சொல்பவரிடம் 'தொக்கம்' எடுக்கக் கூட்டிப் போனார்கள். உச்சிக்குழி விழுவது உடம்பில் நீர் வற்றியதன் அடையாளம். எண்ணெய் வைத்துக் காத்திருக்கும் நேரத்தில் பிள்ளை கை நழுவிப் போகும்.

இன்று செய்ய வேண்டியது: உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை முழுதாக ஒரு லிட்டர் ஆறிய தண்ணீரில் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தைக் கண்ணளவில் ஒரு தம்ளரில் போடக் கூடாது. உப்புக் கூடினால் ஆபத்து. பொட்டலம் கிடைக்கும் வரை ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இரண்டு வயதுக்குக் கீழ் ஒவ்வொரு பேதிக்கும் 50 முதல் 100 மில்லி, கரண்டி கரண்டியாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி, இன்னும் மெதுவாக. கரைத்தது 24 மணி நேரத்துக்கு மேல் ஆகாது. கஞ்சி அதைவிடச் சீக்கிரம் புளிக்கும். தாய்ப்பால் நிற்கவே கூடாது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் துத்தநாக மாத்திரை 20 மில்லிகிராம், பேதி நின்ற பிறகும் விடாமல் மொத்தம் 14 நாள். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்புவது, கண் குழிவது, சிறுநீர் இறங்காதது, மலத்தில் ரத்தம், இதில் எது இருந்தாலும் வீட்டு வைத்தியம் முடிந்தது, ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆறு மாதத்துக்கொரு முறை விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதிக்கு விடுவதையும் யாரும் எடுத்துக்கொண்டு வர வேண்டாம். நீர் போகும், பூச்சி பெரும்பாலும் அங்கேயே இருக்கும். பூச்சிக்கு அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரே மாத்திரை, ஒரு வயது முதல் இரண்டு வயது வரை பாதி. அங்கன்வாடியிலும் பள்ளியிலும் இலவசமாகவே தருகிறார்கள்.

சீட்டுக்கணக்கு

மூன்றாவது விஷயத்துக்கு வருகிறேன். "சீட்டுப் போடு, நகை வாங்கு" என்பதுதான் அன்றைய சேமிப்பு யோசனை. இரண்டையும் எண்ணில் பார்க்காமல் புகழவும் கூடாது, திட்டவும் கூடாது.

20 பேர், மாதம் 1,000, சீட்டுத் தொகை 20,000 என்று ஓர் ஏலச் சீட்டு. மாதாமாதம் அதிகம் தள்ளுபவருக்கு, அதாவது விட்டுக்கொடுப்பவருக்கு, அந்தத் தொகை போகும். இரண்டாம் மாதமே அவசரம் என்று ஒருவர் 6,000 தள்ளி எடுத்தால் கைக்கு வருவது 14,000. தள்ளிய 6,000இல் நடத்துபவர் கமிஷன் 1,000, அதாவது சீட்டுத் தொகையில் 5 விழுக்காடு. மீதி 5,000 இருபது பேருக்கும் தலைக்கு 250 கழிவு. அந்த மாதம் எல்லோரும் 750 கட்டினால் போதும். இப்போது கடைசி வரை எடுக்காமல் இருப்பவரைப் பார்ப்போம். 19 மாதம் சராசரியாக 125 கழிவு கிடைத்ததாக வைத்தால் அவர் கட்டியது 17,625, கமிஷன் போக வாங்கியது 19,000. லாபம் 1,375. பணம் சராசரியாக ஒன்பது, பத்து மாதம்தான் மாட்டிக்கிடந்தது, ஆகவே வருடத்துக்குச் சுமார் 10 விழுக்காடு. கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பத்து விழுக்காடு, முன்னால் எடுத்தவர் கடைசி வரை கட்டுவார் என்ற ஒரே நம்பிக்கையில் நிற்கிறது. எடுத்தவருக்கு ஜாமீன் வாங்காத சீட்டில் உங்கள் பணத்துக்கும் ஜாமீன் இல்லை.

1982ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி நடத்துபவர் முன் அனுமதி வாங்க வேண்டும், சீட்டுத் தொகைக்கு ஈடாகப் பதிவாளரிடம் பிணை வைக்க வேண்டும், ஒப்பந்த நகல் உங்கள் கையில் தர வேண்டும். 2019 திருத்தத்தில் கமிஷன் உச்சவரம்பு 7 விழுக்காடாக ஏறியது. தெருவில் நோட்டுப் போட்டு நடத்தும் சீட்டில் இது எதுவும் கிடையாது. அதைவிட அஞ்சலகத் தொடர் வைப்பு மேல். 60 மாதம், குறைந்தது 100 ரூபாய். வட்டி குறைவு, ஆனால் முதல் போகாது.

நகை இன்னும் மோசம். ஒரு சவரன், 8 கிராம், சேதாரம் 15 விழுக்காடு என்றால் 9.2 கிராமுக்குக் காசு, அதன்மேல் 3 விழுக்காடு ஜிஎஸ்டி. ஏறக்குறைய 9.48 கிராம் விலை கொடுத்து 8 கிராம் கொண்டு வருகிறீர்கள். தங்கம் 18 விழுக்காடு ஏறினால்தான் போட்ட காசு திரும்பும். கல், அரக்கு எடையையும் விற்கும்போது கழிப்பார்கள்.

ஆற்றங்கரை

கணக்கு சரி, ஆனால் யாருடைய கணக்கு? 1956 வாரிசுரிமைச் சட்டம் தகப்பன் சுயமாகச் சம்பாதித்ததில் இந்துக் குடும்பத்து மகளுக்குப் பங்கு தந்தது. பூர்வீகச் சொத்தில் மகனைப் போலப் பிறப்பிலேயே உரிமை என்பது தமிழ்நாட்டில் 1989இல்தான் வந்தது, அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு அப்போது கிடைக்கவில்லை. நிலம் அவள் பேரில் இல்லை, வருமானம் அவள் கையில் இல்லை. அரிசிப் பானையில் போட்ட சிறுவாடும், காதில் கழுத்தில் கிடந்ததும், பக்கத்து வீட்டுச் சீட்டும்தான் அவள் கேட்காமல் எடுக்கக்கூடிய பணம். நகையை அடகுக் கடைக்குக் கொண்டு போனால் ஒரே மணி நேரத்தில் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம். அஞ்சலகத்தில் போட்டிருந்தால் பாஸ் புத்தகம் எந்த அலமாரியில் இருந்திருக்கும், சாவி யாரிடம் இருந்திருக்கும்? சேதாரத்தில் போன 15 விழுக்காடு அந்தக் கைவசத்துக்கு அவள் கொடுத்த விலை. அது வீண் செலவு என்று நீங்கள் சொல்வதை நான் ஒப்பவே மாட்டேன்.

சீட்டுக்கணக்கு

அந்த நிலைமைக்கு அது சரியான முடிவு, ஒப்புக்கொள்கிறேன் அக்கா. இன்று பெண்கள் பேரிலேயே கணக்கு தொடங்க முடிகிறபோது மகளுக்கும் அதையே யோசனையாகச் சொல்வதைத்தான் எதிர்க்கிறேன். கைவசம் தங்கம் வேண்டுமென்றால் ஹால்மார்க் 916 உள்ள, கல் இல்லாத, சேதாரம் குறைந்த சாதா வளையல். ரசீதில் எடை, சேதாரம், கூலி மூன்றும் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும்.

புதுக்குடித்தனம்

எங்களுக்கு மாடி வீடு, வெயில் படும் இடம் இல்லை. துவரம்பருப்பு மூன்று கிலோவை எப்படி வைப்பது? ரசத்துக்கு ஈயச் சொம்பு வாங்கலாமா?

விதைநெல்

வாங்கியதும் நான்கு நாள் ஃப்ரீசரில் கட்டிப் பையோடு வையுங்கள். எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள், வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால் பருப்பில் நீர் கோக்காது. இல்லையென்றால் வெறும் வாணலியில் கை பொறுக்கிற சூடு வரை புரட்டி, முழுக்க ஆறவிட்டு டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் வேர்த்துக் கெடும்.

கொங்குமண்

சொம்பு வாங்கலாம், ஆனால் சுத்த வெள்ளீயம் என்று எழுதித் தரும் கடையில். காரீயம் கலந்திருந்தால் புளித் தண்ணீரில் அது இறங்கும், பிள்ளைகளின் மூளைக்குக் கேடு. பழைய சொம்பைக் கொடுத்து மாற்றி வாங்காதீர்கள், உருக்கிச் சேர்த்ததில் என்ன கலந்தது என்று யாருக்கும் தெரியாது. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். அதனால் புளித் தண்ணீரை ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும், தீ சொம்பின் பக்கவாட்டில் ஏறக் கூடாது, தாளிப்பு தனிக் கரண்டியில். நுரை கூடி வந்ததும் இறக்கிவிடுங்கள். ரசத்தை ராத்திரி வரை அதிலேயே விடாமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றி, சொம்பைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்காமல் மெல்லிய துணியால் கழுவுங்கள்.